அலாயா: ஃபின் இல்லாத மரப்பலகை மறுபடி அலையேறிய கதை

ஹொனலுலுவின் பிஷப் அருங்காட்சியகத்தில் ஒரு பலகை இருக்கிறது. நீளம் 7 அடி 4 அங்குலம், கோவா மரம். முன்பக்கம் வட்டமாக வளைந்து, பின்னால் போகப்போகக் கொஞ்சம் ஒடுங்கும். ஹவாயின் இளவரசி கையுலானியின் அலைச்சறுக்குப் பலகை அது, அலாயா என்ற பழைய வகை. 1875-ல் பிறந்த அவர் 1899-ல், 23 வயதிலேயே இறந்துவிட்டார். பலகை மட்டும் தங்கிவிட்டது.

இன்றைக்குக் கோவளத்திலோ அறுகம்குடாவிலோ சர்ஃபிங் செய்கிற ஒருவரிடம் இந்தப் பலகையைக் கொடுத்தால் முதலில் புரட்டித்தான் பார்ப்பார். அடியில் ஒன்றும் இருக்காது. இப்போதைய பலகைகளில் வால்பக்கம், சுறாவின் முதுகில் நிமிர்ந்து நிற்பது போல ஒன்றோ மூன்றோ ஃபின் இருக்கும். பலகையின் வால் பக்கவாட்டில் வழுக்கிப்போகாமல் தண்ணீரைப் பிடித்துக்கொள்வது அதுதான். அது இல்லாமல், இவ்வளவு மெல்லிய மரத்துண்டில் நின்றுகொண்டு அலையின் முகத்தில் குறுக்காகப் போக முடியுமா? 20-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி முழுக்கப் பெரும்பாலோரின் பதில், முடியாது என்பதுதான். பழையவர்கள் கரையைப் பார்த்து நேராகத்தான் வந்திருப்பார்கள் என்று நினைத்தார்கள்.

அந்த எண்ணம் 2000-களின் நடுவில் சில ஆண்டுகளுக்குள் உடைந்தது. எப்படி உடைந்தது, அதற்கு ஏன் அவ்வளவு காலம் ஆயிற்று என்பதுதான் இந்த ஆய்வு. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தகவல் இல்லாததால் அந்த வித்தை மறைந்திருக்கவில்லை. பலகைகள் பத்திரமாக இருந்தன, அதற்கான சொல்லும் அகராதியில் இருந்தது. அதே மாதிரி ஒன்றைச் செய்து, அதன்மேல் ஏறி, நூறு தடவை விழுந்து பார்க்க யாரும் வரவில்லை.

வீட்டுக்குள் தொங்கிய பலகை

பழைய ஹவாயில் முக்கியமாக மூன்று வகைப் பலகைகள் இருந்தன. வயிற்றில் படுத்துப் போக ஏற்ற குட்டைப் பலகை பைப்போ. தலைவர்களுக்கென்று இருந்த நீண்டு தடித்த பலகை ஓலோ. இரண்டுக்கும் நடுவில், மெல்லிசாக, நின்று போகிற பலகை அலாயா.

இவற்றின் மரங்களைப் பார்த்தபோது எனக்கு ஒரு நெருக்கம் தோன்றியது. ஓலோ செய்த விலிவிலி, நம் கல்யாண முருங்கையின் பேரினத்தைச் சேர்ந்தது. பந்தலில் அரசாணிக்காலோடு கட்டுகிறோமே, சளி பிடித்தால் இலையைப் பறித்து அடை தட்டுகிறோமே, அதேதான். அதே முள், அதே சிறகு போன்ற லேசான மரம். அலாயாவுக்குப் பயன்பட்ட உலு என்பது ஈரப்பலா, நம் பலாவின் ஒன்றுவிட்ட உறவு. கோவா மட்டும் ஹவாய்த் தீவுகளைத் தவிர வேறெங்கும் இயற்கையில் வளராதது. ஆனால் அதுவும் வேல மரங்களின் சொந்தம்தான்.

மரம் வெட்டப் போகிறவர் குமு என்ற செந்நிற மீனைக் கொண்டுபோய் மரத்தடியில் வைப்பார். மரத்தைச் சாய்த்த பிறகு வேரடியில் குழி தோண்டி, அந்த மீனை உள்ளே வைத்து வேண்டிக்கொள்வார். எடுத்ததற்கு ஈடு அது. அப்புறம் கல் வாய்ச்சியால் இரண்டு பக்கமும் கொத்திக் கொத்திப் பலகையாக்கி, கடற்கரைப் படகுக் கொட்டகைக்கு இழுத்து வருவார்கள். சொரசொரப்பான பவளக்கல்லால் தேய்த்து வாய்ச்சித் தடத்தைப் போக்குவார்கள். பிறகு இன்னும் நயமான கல். குகுய் மரப்பட்டையை இடித்த சாறு போன்றவற்றால் கருப்பு மெருகு ஏற்றுவார்கள். 19-ஆம் நூற்றாண்டில் எழுதிவைக்கப்பட்ட இந்தச் செய்முறையைப் படிக்கும்போதே தெரிகிறது, இது தச்சு வேலை தெரிந்தவர்கள் பல தலைமுறையாகத் திருத்தித் திருத்திக் கண்டுபிடித்த வடிவம்.

1779-ல் கேப்டன் குக்கின் கப்பல்கள் கேயாலகேகுவா விரிகுடாவில் நின்றபோது, அந்தப் பயணத்தில் இருந்த ஜேம்ஸ் கிங், மக்கள் பலகைகளில் அலையேறி வருவதைப் பார்த்து எழுதினார். கப்பல்களோடு நோய்களும் வந்தன. பல லட்சமாக இருந்திருக்கக்கூடிய ஹவாய் மக்கள்தொகை, 1890 கணக்கெடுப்பில் கலப்பினத்தவரையும் சேர்த்தே சுமார் 40,000-க்கு இறங்கியிருந்தது. 1819-ல் பழைய சமயக் கட்டுப்பாடுகள் உடைந்தன. 1820-ல் மிஷனரிகள் வந்திறங்கினார்கள். 1893-ல் அரசே கவிழ்க்கப்பட்டது. அலைச்சறுக்கு அடியோடு செத்துவிட்டது என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். அது சரியல்ல. ஹவாய்க்காரர்கள் அலையேறுவதை நிறுத்தவே இல்லை. 1885-ல் கலிஃபோர்னியாவில் படித்துக்கொண்டிருந்த மூன்று ஹவாய் இளவரசர்கள் சாண்டா க்ரூஸ் ஆற்று முகத்தில், உள்ளூர் ரெட்வுட் மரத்தில் செய்த பலகைகளில் அலையேறியிருக்கிறார்கள். குறைந்தது ஆட்களின் எண்ணிக்கை. ஒரு கரையில் பத்துப் பேர் இருந்தால் மூத்தவர் இளையவருக்குச் சொல்லிக்கொடுப்பார். ஒருவரோ இருவரோ மிஞ்சினால் நுட்பம் உதிர ஆரம்பிக்கும். அலாயாவில் குறுக்கே சறுக்குகிற நுட்பம் அப்படித்தான் உதிர்ந்தது.

ஆனால் சொல் உதிரவில்லை. ஹவாய் மொழியில் 'லாலா' என்று ஒரு சொல் உண்டு. சாய்வு, குறுக்கு என்று பொருள். அலையில் குறுக்காகச் சறுக்கிப் போவதற்கும் அதே சொல்தான். 1800-ல் பிறந்து அரசவையில் வளர்ந்த ஜான் பாப்பா ஈஈ, 1860-களில் ஹவாய்மொழிச் செய்தித்தாளில் எழுதிய நினைவுக் குறிப்புகளில் அலாயாவைப் பற்றிச் சொல்கிறார். சுமார் 9 அடி நீளம், மெல்லியது, முன்னால் அகன்று பின்னால் ஒடுங்கும். கண்ணால் பார்த்தவரின் எழுத்து இது. நேராக மட்டுமே போகத் தெரிந்தவர்களுக்குக் குறுக்கே போவதற்கு ஒரு சொல் எதற்கு? இந்தக் கேள்வியை யாராவது முன்பே அழுத்திக் கேட்டிருந்தால் விஷயம் சீக்கிரம் விளங்கியிருக்கும்.

ஃபின் வந்தது

1920-களில் அமெரிக்கரான டாம் பிளேக் ஹவாய்க்கு வந்து, பிஷப் அருங்காட்சியகத்தில் இருந்த தலைவர் பாக்கியின் ஓலோ பலகைகளைச் சீர்செய்து கொடுத்தார். (அந்த அருங்காட்சியகமே பாக்கியின் மகள் பெர்னிஸ் பௌவாஹியின் நினைவாக 1889-ல் அவர் கணவர் தொடங்கியதுதான்.) பழம்பலகைகளை அவ்வளவு நெருக்கமாகத் தொட்டவர் பிளேக். அவற்றிலிருந்து அவர் எடுத்துக்கொண்டது ஓலோவின் நீளத்தை. எடையைக் குறைக்க உள்ளே கூடாக்கினார், 1930-களின் தொடக்கத்தில் காப்புரிமையும் வாங்கினார். 1935-ல், கைவிடப்பட்ட ஒரு வேகப்படகின் அடியிலிருந்து உலோகத் தகடு ஒன்றைக் கழற்றித் தன் பலகையின் வாலில் மாட்டிப் பார்த்தார். வால் வழுக்குவது நின்றது. முதல் ஃபின் அதுதான்.

அதே காலத்தில் ஹவாயில் இன்னொரு வழியும் முளைத்தது. இதை நான் கூடுதலாக மதிக்கிறேன். 1937-ல் ஜான் கெல்லி, ஃபிரான் ஹீத், வாலி ஃப்ரோய்சத் என்ற இளைஞர்கள், பெரிய அலையில் வால் வழுக்குவதைப் பொறுக்க முடியாமல் பலகையின் பின்பகுதியையே கோடரியால் செதுக்கி ஒடுக்கினார்கள். அடிப்பகுதியைப் படகின் அடி போல வி வடிவமாக்கினார்கள். ஃபின் கிடையாது. பலகை அலையைப் பிடித்தது. 'ஹாட் கர்ல்' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். ஃபின் இல்லாமலும் அலைமுகத்தில் பிடிமானம் வரும், அதை ஓரமும் வாலும் தரும் என்பதற்கு 1937-லேயே சாட்சி கிடைத்துவிட்டது. ஆனால் ஃபின் சுலபமான தீர்வு. சுலபமானதுதானே நிற்கும். பிறகு பால்சா மரம், கண்ணாடி இழை, 1950-களின் கடைசியில் பாலியூரிதேன் நுரை, 1981-ல் சைமன் ஆண்டர்சனின் மூன்று ஃபின் பலகை என்று காலம் ஓடிவிட்டது.

நூசாவில் ஒரு பட்டறை

டாம் வெகனர் கலிஃபோர்னியாவில் வளர்ந்து, ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நூசாவுக்குக் குடியேறிய பலகைத் தச்சர். உள்ளே கூடான நீண்ட மரப்பலகைகளை பௌலோனியா மரத்தில் செய்துகொண்டிருந்தார். 2000-களின் நடுவில் பிஷப் அருங்காட்சியகத்தின் சேமிப்பறைக்குப் போய்ப் பழைய அலாயாக்களைக் கையில் எடுத்துப் பார்த்தார். ஒரு தச்சர் பார்க்கிற பார்வை வேறு. ஆய்வாளர் நீளம், அகலம், வயது எழுதிக்கொள்வார். தச்சரின் விரல் ஓரத்தின்மேல் போகும். ஓரம் எங்கே கூர்மையாகிறது, எங்கே மழுங்குகிறது, அடியில் வளைவு எந்தப் பக்கம் என்று தடவிப் பார்க்கும். சும்மா சீவிப் போட்ட கட்டையில் அப்படி வளைவுகள் இருக்காது.

திரும்பிவந்து அதே மாதிரி செய்தார். அப்போது மரம் விஷயத்தில் அவர் ஏற்கெனவே கண்டிருந்த விடை கைகொடுத்தது. கோவா அபூர்வமாகிவிட்டது, விலையும் எட்டாது. பௌலோனியா சீனத்து மரம். ஜப்பானில் அதைக் கிரி என்பார்கள். பெண் பிறந்தால் ஒரு கிரி நட்டு, அவள் கல்யாணத்துக்கு அதிலேயே துணிப்பெட்டி செய்யும் வழக்கம் அங்கே இருந்தது. கோட்டோ என்ற தந்தி வாத்தியத்தின் உடலும் அதில்தான், நம் வீணைக்குப் பலா போல. வேகமாக வளரும், லேசாக இருக்கும். முக்கியமாக, கடல்நீரை அதிகம் உறிஞ்சாது. அதனால் மேலே கண்ணாடி இழையும் பிசினும் பூச வேண்டியதில்லை. ஆளிவிதை எண்ணெயும் டர்பன்டைனும் கலந்து பூசினால் போதும்.

இதற்கு எண்ணிக்கை போட்டுப் பார்க்கலாம். 7 அடி நீளம், பதினாறரை அங்குல அகலம், முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான தடிமன் என்று வைத்துக்கொள்வோம். முனை வளைவையும் வால் ஒடுக்கத்தையும் கழித்தால் கன அளவு ஏறக்குறைய 13 லிட்டர். பௌலோனியாவில் அதன் எடை 4 கிலோ அளவில் வரும். மிச்சம் 9 கிலோவைத் தண்ணீரில் தாங்கும். கோவாவில் செய்தால் பலகையே 8 கிலோ, தாங்குவது வெறும் 5 கிலோ. இன்றைய நீண்ட நுரைப்பலகையின் கன அளவோ 60, 70 லிட்டர். அலாயாவில் படுத்தால் அது உங்களோடு சேர்ந்து அமிழ்ந்துவிடும் என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடுகிறது. கரையிலிருந்து பார்த்தால் தலையும் தோளும் மட்டும் வெளியே தெரியும்.

நூசாவின் இளைஞர்கள் அதில் நின்று, குறுக்கே சறுக்கிக் காட்டினார்கள். அந்தக் கரை இதற்கென்றே அமைந்தது போன்றது. பாறை முனைகளைச் சுற்றி வலப்பக்கமாக நெடுந்தூரம் சீராக உருளும் அலைகள். முரட்டு அலை உடையும் கரையில் இதே பலகையைப் பரிசோதித்திருந்தால், முடியாது என்று ஒரே வாரத்தில் மூட்டைகட்டியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். டேவ் ராஸ்டோவிச், ராப் மச்சாடோ போன்ற பெயர்பெற்ற அலைவீரர்கள் ஏறிச் சறுக்கியபோது படங்களும் காணொளிகளும் உலகம் சுற்றின. 2009-ல் ஒரு சர்ஃபிங் பத்திரிகை வெகனரை அந்த ஆண்டின் சிறந்த பலகைத் தச்சராகத் தேர்ந்தது.

காலமும் சேர்ந்து வந்தது. 2005 டிசம்பர் 5 அன்று, அமெரிக்கப் பலகைத் தொழிலுக்கு நுரைக் கட்டைகளைப் பெருமளவில் கொடுத்துவந்த கிளார்க் ஃபோம் நிறுவனம் முன்னறிவிப்பே இல்லாமல் மூடப்பட்டது. ஒரே நாளில் மூலப்பொருள் இல்லை. நாம் என்னத்தைக் கொண்டு பலகை செய்கிறோம், அதன் நச்சு என்ன, வேறு வழி உண்டா என்று தொழிலே யோசிக்கத் தொடங்கிய நேரம் அது. சீவலைத் தோட்டத்தில் கொட்டலாம் என்கிற ஒரு பலகை அந்த நேரத்தில் கண்ணில் பட்டால் ஈர்ப்பு வராமல் போகுமா?

இன்னொரு காரணத்தை நான் முக்கியமாக நினைக்கிறேன். இதை வீட்டுக் கொல்லையில் செய்யலாம். சில பலகைகளை ஓரத்தோடு ஓரம் பசை வைத்து ஒட்டி, வடிவம் வரைந்து, அறுத்து, இழைப்புளி போட்டு, உப்புத்தாளால் தேய்த்து, எண்ணெய் பூசினால் ஆயிற்று. முகமூடியும் பிசின் வாடையும் இல்லை. தானே செய்ததில் தானே ஏறுகிறவர்கள் பெருகினார்கள். பழைய ஹவாயிலும் பலகை கடையில் விற்ற பொருள் அல்லவே.

எப்படிப் பிடிக்கிறது

ஃபின் இல்லாமல் பிடிமானம் வருவது ஓரத்தால். அலாயா மெல்லியது என்பதால், அலைமுகத்தில் சாய்ந்ததும் அதன் உட்பக்க ஓரம் கால் வைத்த இடத்திலிருந்து வால்வரைக்கும் தண்ணீருக்குள் இறங்கிவிடும். அந்த நீண்ட ஓரமே ஆழமில்லாத ஒரு ஃபின் போல வேலை செய்கிறது. தடித்த நுரைப்பலகையின் உருண்ட ஓரம் அப்படி இறங்காது, தண்ணீர் அதை மேலே தள்ளும். வெகனர் தன் பலகைகளின் அடியில் லேசான உட்குழிவு கொடுத்தார். ஓரத்துப் பிடி அதில் இன்னும் கூடியது. மரம் வளைந்து கொடுப்பதும் உதவுகிறது. காலை அழுத்தினால் பலகை அலையின் வளைவுக்கு ஏற்ப இழையும், மட்டமாக வைத்தால் பிடி விட்டு வழுக்கும். ஃபின் உள்ள பலகையில் வழுக்குவது தவறு. இதில் வழுக்குவதும் பிடிப்பதும் மாறிமாறி வருவதுதான் ஓட்டமே. வாலை விட்டு முழுச் சுற்று சுற்றி, மறுபடி ஓரத்தில் பிடித்துக்கொண்டு போகிறவர்களைப் பார்க்க வேண்டும், அவ்வளவு அழகு. தண்ணீரை இழுத்துப் பிடிக்க அடியில் எதுவும் இல்லாததால் வேகமும் சட்டென்று கிளம்பும்.

கற்றுக்கொள்வது கஷ்டம், இதை மறைக்கக் கூடாது. பல ஆண்டு அனுபவம் உள்ளவர்களே முதல் நாள் தத்தளிப்பார்கள். பலகை மிதக்க வைக்காததால் கையால் தண்ணீரைத் தள்ளுவது மட்டும் போதாது, காலையும் உதைக்க வேண்டும். அலை செங்குத்தாகி உடையப்போகும் கடைசி நொடியில்தான் அது உங்களைத் தூக்கும். எழுந்து நிற்கவும் அந்த ஒரு நொடிதான். அதனால் முதலில் வயிற்றில் படுத்தபடியே குறுக்கே போகப் பழகு என்பார்கள். ஓரத்தை எப்போது அழுத்துவது என்பது வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் தெரிந்த பிறகு எழுந்திருக்கலாம். ஹவாய்க் குழந்தை பைப்போவில் தொடங்கி அலாயாவுக்குப் போன வரிசையும் இதுதான் என்று கொள்ள நிறைய இடமிருக்கிறது.

யாருடைய பலகை

இந்தக் கதையை நூசாவில் தொடங்கி நூசாவில் முடித்துவிட்டால் அநியாயம். ஹவாயிலேயே டாம் போஹாக்கு ஸ்டோன் என்ற ஹவாய்த் தச்சர் பழைய முறைப் பலகைகளைச் செதுக்கியும், இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தும் வந்திருக்கிறார். மலைச்சரிவில் மரச்சட்டத்தில் படுத்துச் சறுக்கும் ஹோலுவா என்ற பழைய விளையாட்டையும் மீட்டெடுத்தவர் அவர். அவருக்குப் பலகை என்பது மொழி, மரம், வேண்டுதல், மரபு எல்லாம் சேர்ந்தது. உலகச் சந்தைக்கு வந்த அலாயாவில் வடிவமும் பெயரும் வந்தன. குமு மீன் வரவில்லை. பெயரைக்கூடச் சிலர் ஃபின் இல்லாத எந்தப் பலகைக்கும் ஒட்டிவிட்டார்கள். வெகனர் தன் மூலம் எது என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லியே வந்திருக்கிறார், அதை மதிக்கிறேன். ஆனாலும் அலாயா என்ற சொல்லை உச்சரிக்கிற யாரும் அது யாருடைய சொல் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பேன். கட்டுமரம் என்ற நம் சொல், இரட்டை உடல் கொண்ட வேறு ஏதோ படகுக்கு உலகமெங்கும் பெயராகிப் போனதைப் பார்த்தவர்கள் நாம். அந்த உறுத்தல் நமக்குப் புரியும்.

மற்ற இடங்களிலும் இதே காலத்தில் மரப்பலகைகள் வெளியே வந்தன. இங்கிலாந்தின் கார்ன்வாலில், பாட்டன் காலத்து ஒட்டுப்பலகைகளில் வயிற்றில் படுத்துச் சறுக்குகிறவர்கள் சேப்பல் போர்த் கடற்கரையில் கூடி ஆண்டுதோறும் போட்டி வைத்தார்கள். பாப்புவா நியூ கினியின் வனிமோவில் பிள்ளைகள் தாங்களே செதுக்கிய மரத்துண்டுகளில் அலையேறுவது நின்றதே இல்லை.

ஹவாயில் ஒரு கவலை மிச்சமிருக்கிறது. அலாயா மறுபடி அலையேறிய அதே காலத்தில், 2005-ல், ஒரு குட்டிக் குளவி தீவுகளில் கண்டுபிடிக்கப்பட்டது. விலிவிலியின் இலையிலும் தண்டிலும் முட்டையிட்டு முண்டுமுண்டாகப் புடைக்கவைக்கும் குளவி. மரங்கள் கூட்டம் கூட்டமாகக் காய்ந்தன. 2008-ல் தான்சானியாவிலிருந்து கொண்டுவந்த எதிர்க்குளவியை விட்ட பிறகே பெருமளவு மீண்டன. கோவாக் காடுகள் வெட்டாலும் மேய்ச்சலாலும் எப்போதோ சுருங்கிவிட்டன. இன்றைக்கு ஓலோவுக்கோ அலாயாவுக்கோ பழைய மரத்திலேயே ஒரு பலகை செய்ய வேண்டுமென்றால், அவ்வளவு அகலமான மரம் கிடைப்பதே பாடு.

அதனால் இருக்கிற பலகையைக் கவனமாகக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. மெல்லிய மரத்தில் வெடிப்பு முனையிலும் வாலிலும்தான் தொடங்கும், நார் அறுபட்டு வாய் திறந்திருக்கும் இடம் அதுதான். அலாயாக்காரர்கள் கரையேறியதும் பலகையைத் துடைத்து, நிழலில் காயவைத்து, அந்த இரண்டு முனைக்கும் ஒருமுறை கூடுதலாக எண்ணெய் தேய்ப்பார்கள். 1823-ல் ஹவாயைச் சுற்றிய வில்லியம் எல்லிஸ் என்ற மிஷனரி, அங்கே வீடுகளில் பார்த்ததை எழுதிவைத்திருக்கிறார். அலையாடி முடித்ததும் பலகையை வெயிலில் நன்றாகக் காயவைத்து, தேங்காயெண்ணெய் தடவி, துணியில் சுற்றி, வீட்டுக்குள் தொங்கவிடுவார்களாம்.